அஞ்சாவது தெரு, கடைசி வீடு

எங்கள் பிரிவில் ஒரு வார்த்தை உண்டு: காலி. சாவியை ஒப்படைத்துவிட்டால் வீடு காலி. மீட்டரைக் கழற்றிவிட்டால் இன்னும் கொஞ்சம் காலி. குழாயை மூடி, கதவு ஜன்னலைப் பெயர்த்து ஏலத்துக்கு அனுப்பிவிட்டால் முழுக்கக் காலி. நெய்வேலி நகரியத்தின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களும் இந்நேரம் இந்த வார்த்தையைப் பழகியிருப்பீர்கள். அடுத்து இன்னொரு பிளாக்கை இடிக்கப் போகிறார்கள், அது உங்கள் தலையில்தான் விழப்போகிறது என்று கேள்விப்பட்டேன். போன வாரம் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "மேடம், நீங்க ஒரு பிளாக்கையே காலி பண்ணவங்களாச்சே, எங்களுக்கு எதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அன்றைக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டும் உங்கள் முன்னால் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எந்த பிளாக் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் என் வாசலுக்கு வந்து, தாங்கள் வைத்த முருங்கை என்னவாயிற்று, பலா என்னவாயிற்று என்று விசாரணை வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு அம்மா மார்க்கெட்டில் என்னை நிறுத்தி, தன் கருவேப்பிலைச் செடிக்கு நான்தான் எமன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை வந்தது. அது அண்ணனுக்கு என்று எல்லோரும் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். நான் சண்டை போட்டு வாங்கினேன். அதனால் ஓர் ஊர் காலியாவதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள் என்று என்னைச் சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த பிளாக்கில் வீடு கிடைப்பது பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம். குவார்ட்டர்ஸ் அலாட் ஆகட்டும் என்று கல்யாணத்தையே தள்ளிப்போட்டவர்கள் உண்டு. கார்னர் வீட்டுக்குப் பக்கவாட்டில் தோட்டம் போட இடம் இருக்கும். அதற்காகச் சிபாரிசு பிடிக்காத ஆளே கிடையாது. திருநெல்வேலிக்காரர், அடுத்த வீட்டில் சேலத்துக்காரர், அதற்கடுத்து பண்ருட்டிக்காரர் என்று எல்லா மாவட்டமும் அங்கே சுவரை ஒட்டிக்கொண்டு குடியிருந்தது. எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு, ஒரே மூலையில் சமையலறை. தண்ணீர் வரவில்லை என்று தண்ணீர்ப் பிரிவில் இருந்த என்னைத் திட்டுவதிலும் அவர்களுக்குள் வேற்றுமை கிடையாது.

அப்புறம் ஓய்வு பெற்றவர்கள் கிளம்பினார்கள். வெளியே மனை வாங்கி வீடு கட்டியவர்கள் கிளம்பினார்கள். கூரைப் பூச்சு உதிர ஆரம்பித்ததும், இனி இங்கே குடியிருப்பது ஆபத்து, இடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. பால் பூத்தை மூடினார்கள். டவுன் பஸ் உள்ளே திரும்பாமல் மெயின் ரோட்டோடு போக ஆரம்பித்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கு அடித்துக்கொண்ட இடத்தில், சாவியை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லையே என்று எனக்கு போன் பண்ணினார்கள்.

இனி இடிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலைக்கு வருகிறேன். பிளாக்கின் அமைப்பை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு நடு ரோடு போகும். அதன் இடது கையில் ஏணிப்படி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எட்டுத் தெரு. முன்னால் இருந்த இரண்டு தெருவையும் இடித்து, கல் மண்ணை அள்ளி, நிரவிவிட்டார்கள். அங்கே தெரு இருந்த சுவடே இல்லை, விளையாட்டு மைதானம் மாதிரிக் கிடந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அவசரக்காரர். ஒரு பொக்லைன் முன்பக்கமிருந்து இடிக்கும்போதே இன்னொன்றைப் பின்பக்கம் இறக்கிவிட்டார். அது எட்டாம் தெருவை முடித்துவிட்டு அன்றைக்கு ஏழாம் தெருவுக்கு வரவேண்டும். முன்பக்கத்து வண்டி மூன்றாம் தெருவில் இறங்கத் தயாராக நின்றது.

என் வேலை சின்னது. எந்தத் தெருவை இடிப்பதானாலும் அந்த லைனில் தண்ணீர் இல்லை என்று பார்த்து நாங்கள் கிளியரன்ஸ் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வண்டி இறங்கக்கூடாது. ஏழாம் தெருவுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டேன். மூன்றாம் தெருவுக்குக் கொடுப்பதற்காக குழாய் பிட்டர் மணியோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான், வால்வோடு முடிந்துவிடும்.

அப்போது ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்தார்.

"மேடம், எங்க அப்பா இந்தப் பக்கம் வந்தாருங்களா?"

அவர் பெயர் பாலு. சுரங்கத்தில் வேலை. அவர் அப்பா ஆறுமுகமும் சுரங்கத்தில்தான் வாழ்நாள் முழுக்க இருந்தார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு அதே குவார்ட்டர்ஸை மகன் தன் பேருக்கு வாங்கி, பிளாக்கை இடிக்கப் போகிறார்கள் என்று ஆனதும்தான் காடாம்புலியூரில் கட்டிய வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். பெரியவருக்கு மறதி வியாதி. காலையில் டீ குடித்துவிட்டு வாசலில் நின்றவரைக் காணவில்லை. நெய்வேலி பஸ்ஸில் ஏறியதைப் பெட்டிக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

நாங்கள் வருவதற்கு முன்பே பழைய வீட்டுக்குள் போயிருப்பார் என்று பாலு, மணி, நான் மூவருமாக விரைந்தோம். ஐந்தாம் தெரு, கடைசி வீடு. கதவில்லாத வாசல், சட்டமில்லாத ஜன்னல். பாலு ஒவ்வொரு அறையாக, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். கக்கூஸ் வரைக்கும் பார்த்தார். ஆள் இல்லை. திரும்பி வரும்போது அந்தத் தெருவின் மற்ற வீடுகளையும் எட்டிப் பார்த்தோம். யாரும் இல்லை.

மூன்றாம் தெரு முனைக்கு வந்ததும் சூப்பர்வைசர் என்னிடம் கிளியரன்ஸ் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டு நிற்கும் மனிதரின் பதற்றம் அவருக்கு.

"அவங்க வூட்டப் பாத்தாச்சு, ஆளு இல்ல. பாவம், பஸ் ஸ்டாண்டுல தேடட்டும். நம்ம வேலைய நாம பாப்போம் மேடம்."

நியாயமான பேச்சுதான். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன். என் மேலதிகாரிக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. பாலு பைக்கைத் தூக்கி நிறுத்தி நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட் பக்கம் தேடக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து அவர் அம்மா போனில் வந்தார். அவசரத்தில் பாலு ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். அதனால்தான் எனக்குக் கேட்டது.

"எந்த வூட்டுலடா தேடன?"

"நம்ம வூட்லதாம்மா. நம்பரப் பாத்துதான் உள்ள போனேன்."

"நம்பர ஒங்கப்பாரு என்னிக்குடா பாத்தாரு? தெருவ எண்ணிக்கினுதான் வருவாரு. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சி வந்தா தூங்கிக்கினே வருவாரு, எண்ணிக்கினே வருவாரு. ஒரு வாட்டி எண்ணிக்க தப்பி நாலாவது தெருவுல பூந்து, அந்த வூட்டுக்காரிய சோறு போடுன்னுட்டு ஒக்காந்துட்டாரு. அவளும் போட்டுட்டா!"

அந்த அம்மா அழுதுகொண்டேதான் இதைச் சொன்னார். ஆனாலும் கடைசி வரிக்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மெயின் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறவர் கண்ணுக்கு முதலில் எது தெரியும்? மைதானம். அதைத் தாண்டியதும் முதல் தெரு. எங்களுக்கு அது மூன்றாம் தெரு, அவருக்கு ஒன்று. விரலை நீட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து என்று சொன்னபோது என் விரல் ஏழாம் தெருவைக் காட்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து பொக்லைன் சத்தம் வந்துகொண்டிருந்தது. எட்டாம் தெருப் பக்கமிருந்து வந்த வண்டி, ஏழாம் தெருவின் கடைசி வீட்டுப் பின்சுவரிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஓட்டுகிறவருக்கு வீட்டின் முதுகுதான் தெரியும். முன் அறையில் யார் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. சத்தம் கேட்டு எழுந்து வந்துவிடுவாரே என்று நினைப்பீர்கள். சுரங்கத்து இரைச்சலில் காலம் தள்ளிய மனிதருக்கு அது ஒரு சத்தமா?

சூப்பர்வைசருக்குச் சொல்லிப் புரியவைத்ததும், பாவம், அவருக்கு முகமே மாறிவிட்டது. உடனே பின்பக்கத்து டிரைவருக்கு போன் போட்டார். ரிங் போனது, எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும்? நடு ரோட்டை மறித்துக்கொண்டு கல் ஏற்றும் லாரி நின்றது, பைக் போகாது. பாலு வண்டியைப் போட்டுவிட்டு லாரியைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். நான்கு தெரு தள்ளிப் போய், பிறகு தெருவின் கடைசி வரைக்கும் அவர் ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் சுவர் நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. என் கால் அந்த ஓட்டத்துக்கு ஆகாது என்பது மட்டும் தெரிந்தது.

நான் நின்ற இடத்தில் என்ன இருந்தது என்று பார்த்தேன். வால்வு இருந்தது. பின் தெருக்களுக்குப் போகும் லைனுக்கு அந்த முனையில்தான் வால்வு. டேங்க் நிறையத் தண்ணீர். வீட்டுக்கு வீடு டேப்பைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள், குழாய்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"மணி, பின் லைனத் தொற."

"மேடம்?"

"முழுசாத் தொறய்யா!"

மணி நீளச் சாவியை இறக்கித் திருக ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் பதறினார்.

"மேடம், சேறாயிடும். வண்டி மாட்டிக்கும். கிளியரன்ஸ் குடுத்துட்டுத் தண்ணி வுட்டா எப்படி?"

"அது கேன்சல்."

"குடுத்தத எப்படிங்க கேன்சல் பண்ணுவீங்க?"

"லைன்ல தண்ணி போகுதுல்ல? அப்பறம் ஏது கிளியரன்ஸ்?"

அவர் மறுபடி போனை எடுத்து டிரைவருக்கு அடித்துப் பார்த்தார். நானும் நடையும் ஓட்டமுமாகக் கிளம்பினேன். பெரியவர் அங்கே இல்லாவிட்டால், நன்றாக நடந்துகொண்டிருந்த வேலையைச் சேற்றில் இறக்கிய பைத்தியக்காரி என்று பெயர் வரும். வரட்டும். அவர் அங்கே இருந்து, தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் சுவர் விழுந்துவிட்டால்? அதை நினைத்தபோது எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போயிற்று.

ஆறாம் தெருவைத் தாண்டும்போது பொக்லைன் சத்தம் நின்றது. டிரைவர் வேலையை நிறுத்தினாரா, சுவரை முடித்துவிட்டாரா என்று எப்படித் தெரியும்?

தெருவுக்குள் திரும்பினேன். வீட்டுக்கு வீடு வாசல் வழியாகத் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. கடைசியில், பின்சுவருக்குச் சற்றுத் தள்ளி, சாய்ந்து கிடந்த முருங்கை மரத்தின் மேல் பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு வண்டி நின்றது. மெயின் லைனை உடைத்துவிட்டோமோ என்று பயந்து டிரைவர் வண்டியை அணைத்திருக்கிறார். அவர் கீழே இறங்கி, தண்ணீர்ப் பிரிவைப் பற்றி இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் பேசிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைகள் அன்றைக்கு எனக்குத் தேவாரம் மாதிரிக் கேட்டன.

வாசலில் பாலு நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேட்டி முழுக்க நனைந்து, துண்டைப் பிழிந்தபடி ஆறுமுகம் ஐயா நின்றிருந்தார். குழாயிலிருந்து பீய்ச்சி அடித்த தண்ணீரைத் துண்டால் அடைத்துப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. யாரையாவது கூப்பிட்டுத் திட்டலாம் என்று வெளியே வந்திருக்கிறார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"வாட்டர் செக்‌ஷனா?"

"ஆமாங்கய்யா."

"காலைலேர்ந்து ஒக்காந்துக்கினு இருக்கேன், ஒரு சொட்டு வரல. இப்ப வுட்டா இப்படியா வுடுவீங்க? டேப்ப எவன் கழட்டிக்கினு போனான்?"

"பாக்கறேங்கய்யா."

"பாக்கறேன் பாக்கறேன்னுதான் எப்பவும் சொல்றீங்க!"

தண்ணீர்ப் பிரிவில் இருந்த காலம் முழுக்க நான் கேட்டது புகார்தான். புகார் சொன்னவர் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது அந்த ஒரு முறைதான். நான் அழுதேன். மறைக்கவில்லை. ஏதோ தன் அதட்டலுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து, பெரியவர் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

ஆனால் வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். டேப் மாட்டாமல் நகரமாட்டாராம். "இது நம்ம வூடு இல்லப்பா, இடிக்கிறாங்க" என்று பாலு சொன்னதும் முகம் கடுத்துவிட்டது. என்ன சொன்னால் ஒரு நகரியத்து ஆள் குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்புவார் என்று யோசித்தேன். உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"ஐயா, இந்த வூடு ரிப்பேருங்க. ஒங்களுக்கு வேற வூடு அலாட் ஆயிருக்கு. சாவிய ஒங்க பையன்கிட்ட குடுத்தாச்சு."

பெரியவர் மகனைப் பார்த்தார். "பெரிய டைப் வூடா?"

"பெரிய டைப்புப்பா."

"கார்னரா?"

"கார்னர்தாம்ப்பா."

"அத மொதல்லியே சொல்றதுக்கு என்னடா?" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பாலு சொன்னது பொய்யில்லை. காடாம்புலியூர் வீடு உண்மையிலேயே தெருமுனையில்தான் இருக்கிறதாம்.

மெமோ வந்ததா என்று கேட்பீர்கள். மேலதிகாரி கூப்பிட்டார். இனிமேல் இப்படி ஏதாவது செய்வதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் என்றார். பண்ணினேன் சார், நீங்கள் எடுக்கவில்லை என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வண்டியைச் சேற்றிலிருந்து எடுக்க சூப்பர்வைசர் பட்ட பாடு தனி. அவர் என்னிடம் அதற்காக ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் அவரே மெயின் ரோட்டில் போய் நின்று, முதல் தடவை வருகிற ஆள் மாதிரித் தெருவை எண்ணிக்கொண்டு வந்தார்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ஒரு தெருவை எடுத்துவிட்டால் உங்கள் கையில் இருக்கிற வரைபடம் மாறாது, வருகிறவர் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு தெரு போன பிறகும் வெளியே போய் நின்று புதிதாக எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கை எந்த வாசலில் போய் நிற்கிறதோ அங்கே ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த கிளியரன்ஸை நீங்களே திருப்பி வாங்கலாம். வாங்கலாமா என்று யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

அன்றைக்குப் பாலு பைக்கை எடுக்கப் போனபோது போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவரை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் அந்த அம்மா இன்னும் இருந்தார். வைக்கவே இல்லை போலிருக்கிறது.

"கெடைச்சிட்டாருங்களா?"

"பக்கத்துல நிக்கறாரும்மா. ஒரு கீறல் இல்ல."

கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"எந்தத் தெருவுல இருந்தாரு?"

"ஏழாவது தெரு, கடைசி வூடு."

"பாத்தீங்களா, எண்ணிக்ககூட தப்பிப் போச்சே அவருக்கு. இனிமே என்னாத்தப் பண்ணுவேன்..."

"இல்லம்மா. முன்னாடி ரெண்டு தெருவ நாங்க எடுத்துட்டோம். இப்ப ரோட்டுலேர்ந்து எண்ணினா அதுதான் அஞ்சாவது."

அந்தப் பக்கம் அவர் தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"எம்பேரே நெனப்பு இல்லீங்க அவருக்கு. என்னைய அவரு தங்கச்சி பேரு சொல்லித்தான் கூப்புடறாரு." விரல் விட்டு எண்ணுகிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். "அப்ப வூட்டுக்கு சரியாத்தான் வந்துருக்காரு?"

"சரியாத்தாம்மா வந்துருக்காரு."

"நல்லாருப்பீங்க. சோறு ஆறுது, அவர இட்டுக்கினு வரச் சொல்லுங்க."